ஏழுக்கு அடுத்து ஏழு-ஏ

"புரோகிராம் எழுதறதெல்லாம் அப்பறம் பாக்கலாம் கோகிலா. மொதல்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒழுங்கா நம்பர் போடத் தெரியுதான்னு பாப்போம். மலையில அதெல்லாம் சொல்லித் தந்தாங்களா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் என் டீம் லீடர் பிரபு சார் கேட்ட கேள்வி இது. இடம் சேந்தமங்கலம். ஒரு மோட்டார் பம்பு கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்து, வகுப்பில் இரண்டாவதாக வந்துவிட்டு, "எனக்குப் பத்து வரை எண்ணத் தெரியும் சார்" என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டவருக்கு அந்தக் கூச்சம் இல்லை.

நான் படித்த கல்லூரியில் இப்போது கடைசி வருடம் இருக்கும் பெண்கள் சிலர், "வேலை எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இனிப்பாக எழுதும் உத்தேசம் இல்லை. நீங்களும் இப்படி ஏதோ ஒரு மாடிப்படி ஏறத்தான் போகிறீர்கள்.

என் ஊர் கொல்லிமலையில் திண்ணனூர் நாடு. அப்பாவும் அம்மாவும் மரவள்ளியும் மிளகும் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "ஐயோ பாவம்" என்று யாரும் சொல்வதற்காக இதை எழுதவில்லை. படிக்காத வீட்டிலிருந்து படித்து வந்தவளுக்கு எதையும் தானே படித்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் இருக்கும். படித்த வீட்டில் பிறந்த பிரபு சாருக்கு அந்தப் பழக்கம் இருக்கவில்லை. கதையே அதுதான்.

எண் போடும் வேலை

எங்கள் கம்பெனி கோழிப்பண்ணைகளுக்கான கன்ட்ரோலரில் ஓடும் மென்பொருளை எழுதியது. பண்ணைக் கொட்டகையில் எத்தனை ஃபேன் ஓட வேண்டும், தண்ணீர் எப்போது தெளிக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பெட்டிதான் முடிவு செய்யும். பெட்டி எங்களுடையது அல்ல. கோயம்புத்தூரில் இருக்கும் பெரிய கம்பெனி ஒன்றுடையது. அவர்கள் கிளையண்ட், நாங்கள் அவர்களுக்கு வேலை செய்து கொடுப்பவர்கள்.

அவர்களுடைய மூல நிரலுக்குள் நேராகக் கை வைக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. நாங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு தனிக் கோப்பாக எடுத்து மெயிலில் அனுப்ப வேண்டும். அந்தக் கோப்புக்குப் பேட்ச் என்று பெயர். "இந்த வரியை எடு, அந்த இடத்தில் இதைப் போடு" என்று அதில் இருக்கும். பத்துப் பேட்ச் இருந்தால் அவற்றை அவர்கள் வரிசையாக ஏற்ற வேண்டும். மூன்றாவது மாற்றம் இரண்டாவதன் மேல் நிற்கும், நான்காவது மூன்றாவதன் மேல். வரிசை குலைந்தால் எதுவும் ஏறாது. ஆகவே எண் முக்கியம்.

கொல்லிமலைச் சாலையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அடிவாரத்துக் காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு போர்டு இருக்கும். 1/70, 2/70 என்று. எத்தனையாவது வளைவு, மொத்தம் எத்தனை என்பது ஒரே பார்வையில் தெரியும். பேட்ச் தொகுப்பின் தலைப்பிலும் அதே முறைதான்: 1/11, 2/11. நான் இரண்டாம் வகுப்பிலேயே அந்தப் போர்டைப் படித்தவள்.

மாற்றங்களை வரிசைப்படி சேமித்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில், ஃபார்மேட்-பேட்ச் என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் அதுவே மாற்றங்களைக் கோப்புகளாக்கி, எண்ணும் போட்டுத் தந்துவிடும். எண் வேண்டுமா வேண்டாமா, எதிலிருந்து தொடங்க வேண்டும், எத்தனையாவது திருத்தம் என்பதையெல்லாம் அதனிடமே சொல்லலாம். பிரபு சார் ஆறு வருடமாக அந்தக் கட்டளையைப் பயன்படுத்திவந்தார். அதில் இருந்த விருப்பத்தேர்வுகளில் அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். அதுவும் தவறானது.

ஒன்றுக்கு அடுத்து பத்து

அந்த ஒன்று நம்பர்டு-ஃபைல்ஸ். அதைக் கொடுத்தால் கோப்புகளின் பெயர் வெறும் 1, 2, 3 என்று வரும். பேட்ச் எதைப் பற்றியது என்பது பெயரில் இருக்காது. முன்னால் பூஜ்யங்களும் இருக்காது. "பாக்க நீட்டா இருக்கு பாரு" என்று காட்டினார்.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம் பன்னிரண்டு பேட்ச் போயிற்று. என்ன காரணத்தாலோ அன்றைக்கு அதை வழக்கம்போல் ஏழேழாகப் பிரிக்காமல் ஒரே தொகுப்பாக அனுப்பினார். கோயம்புத்தூரில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் ஒரு சின்ன நிரல், கோப்புப் பெயர்களை அகர வரிசையில் எடுத்து ஒவ்வொன்றாக ஏற்றும். அகர வரிசையில் 1-க்கு அடுத்து 2 வராது. 10 வரும். பிறகு 11, 12. அதற்கப்புறம்தான் 2. இரண்டாவது கோப்பிலேயே நின்றுவிட்டது.

"அவிங்க சிஸ்டத்துல ஏதோ கோளாறு" என்றார் பிரபு சார்.

நான் கையேட்டைத் திறந்து படித்தேன். கிட்டுடன் சேர்ந்தே வரும் கையேடு அது. ஒரு கட்டளை தட்டினால் திரையில் வந்து நிற்கும். நம்பர்டு-ஃபைல்ஸ் போடாமல் விட்டாலே 0001, 0002 என்று நான்கு இலக்கத்தில் எண் வரும், அதன் பின்னால் மாற்றத்தின் தலைப்பும் வரும், 0010 தன் இடத்தில் 0009-க்கு அடுத்துதான் நிற்கும் என்று அதில் இருந்தது. அதாவது அவர் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். ஆறு வருடமாகச் சிரமப்பட்டுக் கெடுத்திருக்கிறார்.

"சார், இந்த ஆப்ஷன எடுத்துட்டாப் போதுமுங்க."

"நீ எடுத்துத்தான் பாரேன்" என்றார், நான் ஏதோ டிரான்ஸ்ஃபார்மரில் கை வைக்கப் போவதுபோல.

எடுத்தேன். அனுப்பினேன். பன்னிரண்டும் ஏறின. கோயம்புத்தூரிலிருந்து மைதிலி மேடம், அவர்கள் பக்கத்துச் சீனியர் எஞ்சினியர், "இப்ப ஓகே. நன்றி பிரபு" என்று மெயில் போட்டார். பிரபு சார் அதற்கு "மை ப்ளஷர்" என்று பதில் எழுதினார். அந்த மெயில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

புது ஃபைனல்

திருத்தி மறுபடி அனுப்ப வேண்டி வந்தால் பிரபு சார் கோப்புறைக்கு 'ஃபைனல்' என்று பெயர் வைப்பார். அதிலும் தவறு வந்தால் 'புது ஃபைனல்'. அதற்கப்புறம் 'ஒரிஜினல் ஃபைனல்'. உள்ளே எல்லாவற்றிலும் அதே 1, 2, 3. மூன்று தடவை திருத்திய தொகுப்பில் எது எப்போதையது என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை மைதிலி மேடம் போனில், "ஏனுங்க பிரபு, ஒரிஜினல் ஃபைனல் பெருசா, புது ஃபைனல் பெருசா?" என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார். இவரும் சிரிக்காமல் யோசித்தார்.

கையேட்டில் இதற்கும் வழி இருந்தது. மைனஸ் வி என்று போட்டு, பக்கத்தில் இரண்டு என்று எழுதினால், கோப்பின் பெயரிலும் மெயிலின் தலைப்பிலும் இது இரண்டாவது பதிப்பு என்று தானாக வந்துவிடும். ஏற்கெனவே ஐந்து அனுப்பியாயிற்று, ஆறிலிருந்து தொடர வேண்டும் என்றால் ஸ்டார்ட்-நம்பர் ஆறு. ஒரே ஒரு பேட்ச் என்றால் அது எண்ணே போடாது. கட்டாயம் வேண்டுமென்றால் மைனஸ் என். எண்ணே வேண்டாமென்றால் பெரிய என். மொத்தமும் போனில் படிக்க எனக்கு மலையிலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு இறக்கம் ஆயிற்று. அதிலும் பாதி வழியில் ஒரு வேன் குறுக்கே நின்றதால் இரண்டாம் தடவையும் படித்தேன்.

தொகுப்புக்கு முகப்புக் கடிதம் வைக்கவும் ஒரு தேர்வு உண்டு. தொகுப்பில் என்ன இருக்கிறது என்று அதில் எழுதலாம். அதற்கு எண் பூஜ்யம். இதைப் பார்த்துவிட்டு எங்கள் முதலாளி தங்கவேல் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, பூஜ்யத்துல ஆரம்பிச்சா வெளங்குமா?"

"அது கணக்குல சேராதுங்க சார். வெறும் கடுதாசிதான்."

"அப்பச் சரி. ஆனா மேல ஒரு பிள்ளையார் சுழி போட்டுரு சாமி."

போட்டேன். முகப்புக் கடிதம் நிரலுக்குள் போகாது. அதன் தலையில் 'உ' இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. முதலாளியின் நம்பிக்கைகளோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை, அவை கோழிக் கொட்டகைக்குள் வராதவரை.

எட்டு

வந்தது.

தங்கவேல் சாரின் அப்பா லாரி வைத்திருந்தவர். எட்டு வரும் நம்பர் பிளேட்டை அந்தக் குடும்பம் தொடாது. கூட்டுத்தொகை எட்டு வந்தாலும் தொடாது. மகன் கம்ப்யூட்டர் கம்பெனி ஆரம்பித்தபோது அந்த விலக்கும் கூடவே மாடி ஏறியது. எங்கள் ஆபீஸில் எட்டாம் நம்பர் மேஜை இல்லை. அது பரவாயில்லை, மேஜையை யாரும் ஏற்றப்போவதில்லை. ஆனால் எட்டாவது பேட்ச்சும் போகக்கூடாது என்பது விதி. அதனால் பிரபு சார் எப்போதும் ஏழேழாக வெட்டி, இரண்டாவது துண்டுக்கு மறுபடி ஒன்றிலிருந்து எண் போடுவார். அந்தப் பன்னிரண்டு மட்டும் எப்படியோ தப்பிப் போயிருந்தது. அதன் பிறகு முதலாளிக்கு விஷயம் தெரிந்து, பிரபு சாருக்கு நல்ல பேச்சு விழுந்தது. பேட்ச் ஏறாததற்காக அல்ல.

ஆறாவது மாதம் வந்தபோது பதினோரு பேட்ச் கொண்ட ஒரு தொகுப்பு தயாராயிற்று. அதில் ஏழாவதும் எட்டாவதும் நான் எழுதியவை. முதல் முறையாக என் பெயரில் நிரல் போகப்போகிறது.

அது என்ன நிரல் என்று சொல்லியாக வேண்டும். கொட்டகையில் வெப்பத்தைப் பார்க்க ஒரு சென்சார் தொங்கும். அதன் வயரை எலி கடித்துவிட்டால் சென்சார் பூஜ்யம் டிகிரி என்று சொல்லும். கன்ட்ரோலர் அதை நம்பி, கோழிக்குக் குளிருது என்று எல்லா ஃபேனையும் நிறுத்திவிடும். சித்திரை மாதத்தில் நாமக்கல் பக்கம் பூஜ்யம் டிகிரி என்று எது சொன்னாலும் நம்பக்கூடாது என்பதற்குப் பட்டம் தேவையில்லை. ஆனால் அந்தப் பழைய நிரலை எழுதிய பிரபு சார் பட்டம் வாங்கியவர். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேஜைக்கு மேலே மாட்டியிருந்தார். நான் ஏழாவது பேட்ச்சில் சென்சார் செத்துவிட்டதா என்று பார்க்கும் சோதனையை எழுதினேன். எட்டாவதில், செத்துவிட்டால் எல்லா ஃபேனையும் ஓட விட்டு மணியடிக்கச் சொன்னேன். எட்டாவது, ஏழாவதன் மேல்தான் நிற்கும்.

தங்கவேல் சார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த செட்டு கோளாறில்லாமப் போகட்டும் கண்ணு. எஞ்சினியர்னு ஆர்டர் போட்டுத் தாரேன். ஏதாச்சும் சிக்கலாச்சுன்னா நீ டேட்டா என்ட்ரிக்குப் போயிரு. சரியா?"

"சரிங்க சார்."

சிக்கல் வெளியிலிருந்து வரும் என்றுதான் நினைத்தேன்.

மைதிலி மேடம் இந்த முறை முன்கூட்டியே எழுதியிருந்தார். துண்டு துண்டாக வேண்டாம், பதினொன்றும் திங்கட்கிழமை ஒரே தொகுப்பாக வர வேண்டும், மறுநாள் காலை ஒரு பண்ணையில் பெட்டியை மாட்டிச் சோதிக்கப் போகிறோம் என்று. ஆகவே ஏழோடு வெட்ட முடியாது. முந்தைய வெள்ளிக்கிழமை இதைப் பேச முதலாளி அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"எட்டுக்குப் பதிலா ஏழு-ஏ போட்டுருவோம் சார்" என்றார் பிரபு சார். "எங்க தெருவுல ஊட்டு நம்பரே அப்படித்தான் இருக்குது. ஏழு, ஏழு-ஏ, ஒம்பது."

"அருமையான யோசனை" என்றார் முதலாளி.

"சார், கையில நம்பர் மாத்தக்கூடாதுங்க. நானு தினமும் எழுபது வளைவு எறங்கி வாரேன். எட்டாவது வளைவுல போர்டு இருக்குது. அத விட்டுட்டு ஏழுல இருந்து ஒம்பதுக்கு பஸ் தாவுமாங்க?"

"அது கவர்மெண்ட் ரோடு கண்ணு" என்றார் தங்கவேல் சார் பொறுமையாக. "இது என்ற கம்பெனி."

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவிடம் சொன்னேன். பேட்ச் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. ஆனால் முழுதாகக் கேட்டார்.

"எட்டு ஆவாதாமா அவருக்கு?"

"ஆவாதாம்ப்பா."

"நாம எட்டு மூட்ட மொளகு எறக்குனா எட்டாவது மூட்டைய வேண்டாம்னு திருப்பி உட்டுருவாரா?"

"அதெப்படி உடுவாரு. ஏழு-ஏன்னு எழுதி எடுத்துக்குவாரு."

அப்பா சிரித்ததில் சாக்கின் விளிம்பு மடங்கி மிளகு மண்ணில் சிந்தியது. அம்மா எங்கள் இரண்டு பேரையும் திட்டினாள்.

சிரித்தேனே தவிர எனக்குள் பயம் இருந்தது. டேட்டா என்ட்ரி என்றால் அந்த மாடியில் என்ன என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்கப் பண்ணைக்காரர்களின் விலாசத்தைத் தட்டுவது. ஒருமுறை அந்த நாற்காலியில் உட்கார்ந்த பெண் திரும்ப எழுந்து வந்ததை நான் பார்க்கவில்லை.

ஸ்பீக்கர் போன்

திங்கட்கிழமை காலை நான் தொகுப்பை எடுத்தேன். எண்ணில் கை வைக்கவில்லை. 0001 முதல் 0011 வரை, ஒழுங்காக. முகப்புக் கடிதம் எழுதி, பிள்ளையார் சுழி போட்டு, மெயிலில் இணைத்து, அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை முதலாளி பார்க்க வேண்டும் என்பதால் அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது மெயில் போயிருந்தது. பிரபு சார் என் சிஸ்டத்திலேயே உட்கார்ந்து, என் பெயரிலேயே அனுப்பிவிட்டார்.

"முதலாளி ஓகே சொல்லிட்டாரு. நீ லேட்டாயிட்ட" என்றார்.

போன மெயிலைத் திறந்து பார்த்தேன். 0008 இல்லை. அதற்குப் பதில் 0007-ஏ என்று ஒரு கோப்பு. தலைப்பையும் கையால் மாற்றியிருந்தார். 7ஏ/11.

ஏன் இது ஏறாது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஸ்கிரிப்ட் அகர வரிசைப்படி எடுக்கும். என் ஏழாவது பேட்ச்சின் பெயர் 0007-க்கு அடுத்து ஆங்கிலத்தில் 'செக்' என்று தொடங்கியது, முதல் எழுத்து சி. புதிய கோப்பில் 0007-க்கு அடுத்து ஏ. சி-க்கு முன்னால் ஏ வரும். எட்டாவது பேட்ச் ஏழாவதற்கு முன்னால் போய் நின்றுவிட்டது. சோதனையே இன்னும் வராதபோது அதன் விடையைக் கேட்கும் மாற்றம் எங்கே போய் ஒட்டும்?

"சார், இது ஏறாது."

"ஏறும் ஏறும். நீ போயி ஒக்காரு."

மூன்று மணிக்குப் போன் வந்தது. தங்கவேல் சார் ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் இரண்டு பேரும் எதிரே நின்றோம்.

"ஏனுங்க தங்கவேல் சார்" என்றது மைதிலி மேடத்தின் குரல். "ஆறு வரைக்கும் ஏறுது. அப்பறம் ஏழு-ஏன்னு ஒண்ணு வந்து நின்னுக்குது. எட்டையே காணோம். நாளைக்குக் காலையில பண்ணையில நாங்க பெட்டியத் தொறந்து வெச்சுட்டு இதையா பாத்துட்டு இருக்கறது? என்னங்க நடக்குது அங்க?"

தங்கவேல் சார் பிரபு சாரைப் பார்த்தார். பிரபு சார் என்னைப் பார்த்தார்.

"அது வந்து மேடம், நம்பர் போடறது எல்லாம் கோகிலாங்கற புதுப் பொண்ணு பாக்கறது" என்றார் பிரபு சார். "மலையில இருந்து வர்ற பொண்ணு. இன்னும் பழகல. நம்பர விட்டுட்டா."

முதலாளி வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் முன்னால் 'அருமையான யோசனை' என்று சொன்ன வாய் அது.

அந்த நிமிடத்தில் நான் சும்மா இருந்திருந்தால் மறுநாள் விலாசம் தட்டியிருப்பேன். பேசினால் வேலையே போகலாம். இரண்டையும் ஒரு விநாடி நினைத்துப் பார்த்தேன். எனக்கு எண்ணத் தெரியாது என்று கோயம்புத்தூர் வரைக்கும் பேர் போவதைவிட வேலை போவது மேல் என்று பட்டது.

"மேடம், நான்தான் கோகிலா பேசறேனுங்க. நானு எடுத்த செட்டுல எட்டு இருந்துச்சுங்க. எங்க முதலாளிக்கு எட்டு ஆவாது. அதனால நான் சாப்புடப் போனப்ப பிரபு சார் அத ஏழு-ஏன்னு மாத்தி அனுப்பிட்டாருங்க."

கீழே கடையில் யாரோ ஒரு பம்பை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எட்டு ஆவாதுன்னா?" என்றார் மைதிலி மேடம் மெதுவாக.

"ராசி இல்லைங்களாம்."

"தங்கவேல் சார், அந்தப் பொண்ணு சொல்றது நெசமுங்களா?"

தங்கவேல் சார் தொண்டையைச் செருமினார். "அப்பா காலத்துல இருந்து ஒரு வழக்கமுங்க மேடம்..."

"எட்டாவது பேட்ச் எதைப் பத்தினதுன்னு பாத்தீங்களா சார்? சென்சார் செத்தா ஃபேன ஓட வெக்கறது. அது இல்லாம கொட்டகையில கோழி செத்துச்சுன்னா, அதுக்கு என்ன ராசின்னு பண்ணைக்காரன் கேப்பான்." பிறகு என்னிடம், "கோகிலா, சரியான செட்டு எவ்வளவு நேரத்துல வரும்?"

"ரெண்டு நிமிசமுங்க. வி-டூன்னு போட்டு அனுப்பறேன். பழசத் தூக்கிப் போட்டுருங்க."

என் மேஜைக்குப் போனேன். ஒரே வரி. மைனஸ் வி இரண்டு, முகப்புக் கடிதம், அவ்வளவுதான். பதினோரு கோப்பும் வரிசையாக வந்து நின்றன. எட்டாவது தன் இடத்தில் நின்றது. அனுப்பினேன். இந்த முறை பிள்ளையார் சுழி போடவில்லை. மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது: "பதினொன்றும் ஏறிவிட்டன. கோகிலா, ஏழும் எட்டும் நீங்கள் எழுதியதா? நன்றாக இருக்கிறது." மறுநாள் பண்ணையில் சென்சார் வயரைக் கழற்றிப் பார்த்தார்களாம். எல்லா ஃபேனும் ஓடி, மணியும் அடித்திருக்கிறது.

பிரபு சார் அன்றைக்கு என்னிடம் பேசியது ஒரே வாக்கியம். "க்ளையண்ட் முன்னாடி இப்படியா பேசறது?"

க்ளையண்ட் முன்னால் பொய் சொல்வதில் அவருக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. என் சிஸ்டத்தின் பாஸ்வேர்டை மாற்றினேன். அவர் பார்க்கும்படியாகவே மாற்றினேன்.

ஆர்டர்

வெள்ளிக்கிழமை தங்கவேல் சார் கூப்பிட்டார். கவர் ஒன்றை நீட்டினார். பிரித்தேன். என் பெயர் சரியாக இருந்தது. ஊர் சரியாக இருந்தது. பதவி என்ற இடத்தில் 'டாக்குமெண்டேஷன் அசிஸ்டெண்ட்' என்று இருந்தது.

"எஞ்சினியர்னு சொன்னீங்களே சார்?"

"செட்டு கோளாறில்லாமப் போனாத்தானே கண்ணு சொன்னேன்?"

"கோளாறு யாரு பண்ணுனதுங்க?"

"அத உடு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எஞ்சினியர்னு போட்டா பிரபு மனசு சங்கடப்படும். ஆறு வருசமா இருக்கான். நீ சின்னப் பொண்ணு. ஒரு வருசம் போகட்டும்."

"அந்த ஒரு வருசம் நான் என்னங்க பண்றது?"

"இப்ப பண்றதத்தான் பண்ணு. உன்னாட்டம் யாரு பண்றாங்க?"

அவர் கெட்டவர் அல்ல என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். எஞ்சினியர் வேலையை நான் செய்ய வேண்டும், எஞ்சினியர் என்ற பேர் பிரபு சாரிடம் இருக்க வேண்டும், அதைக் கேட்டு நான் சந்தோஷப்படவும் வேண்டும் என்று எதிர்பார்த்தார். கெட்டவராக இல்லாமலேயே இவ்வளவும் எதிர்பார்க்கலாம்.

காகிதத்தைக் கவரில் திரும்பப் போட்டு அவர் மேஜையில் வைத்தேன்.

"வேண்டாமுங்க சார். பிரபு சார் மனசப் பாத்துக்க நீங்க இருக்கீங்க. என்றதப் பாத்துக்க நானு வேணுமில்லீங்களா?"

"மலையில இருந்து வந்து இத்தன ரோசம் ஆவாது கண்ணு."

"ரோசம் மலையில இருந்து கொண்டாந்ததுதானுங்க சார். இங்க கெடைக்கல."

படிப்பு முடிக்கப்போகும் பெண்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. உங்களுக்கு மட்டமான வேலை ஒன்றைத்தான் முதலில் கொடுப்பார்கள். கோப்புக்கு எண் போடு, பெயர் மாற்று, மெயில் அனுப்பு என்று. முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த வேலைக்குரிய கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். கொடுத்தவர் படித்திருக்க மாட்டார். எண் போடுவதை அவர்கள் குமாஸ்தா வேலை என்று நினைக்கிறார்கள். ஒருவருடைய வேலையை இன்னொருவர் எந்த வரிசையில் நம்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்யும் இடம் அது. அங்கே தவறினால் எவ்வளவு நல்ல நிரலும் ஏறாது. உங்கள் பெயர் போட்டிருக்கும் மெயிலை வேறு யாரும் அனுப்ப விடாதீர்கள். செய்த தவறை ஒப்புக்கொள்ளுங்கள். செய்யாததை மரியாதைக்காகக்கூட ஏற்றுக்கொள்ளாதீர்கள். "பழகல" என்ற ஒரே சொல்லில் உங்கள் ஆறு மாதத்தையும் துடைத்துவிடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலையே ராஜினாமாவை மெயிலில் அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். காளப்பநாயக்கன்பட்டி வருவதற்குள் சேலத்தில் மூன்று கம்பெனிகளுக்கு விண்ணப்பமும் போய்விட்டது. ஒன்றில் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம் நிரல் எழுதச் சொன்னார்கள். எந்த ஊர் என்று கடைசியில்தான் கேட்டார்கள். 'சாஃப்ட்வேர் எஞ்சினியர்' என்று ஆர்டர் வந்தது. கையெழுத்துப் போட்டு, சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன்.

இங்கே ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் நிரலுக்குள் போகும். நேற்று பத்து வருட அனுபவமுள்ள ஒருவரின் தொகுப்பு என்னிடம் பார்வைக்கு வந்தது. அதில் மூன்றாவது பேட்ச் சரியில்லை. காரணத்தை நான்கு வரியில் எழுதி, என் பெயரைக் கீழே போட்டு, இன்று காலையில் திருப்பி அனுப்பிவிட்டேன்.